எதிர்பார்க்கப்படும் முடிவு

அந்த வெட்டுக்கிளிதான் எல்லாவற்றையும் கிளறிவிட்டது.

விலங்கியல் இரண்டாம் ஆண்டுச் செய்முறை வகுப்பு. கரப்பான் பூச்சியின் வாயுறுப்புகளை நுண்ணோக்கியில் பார்த்து வரைய வேண்டும். அன்றைக்கென்று ஆய்வகத்தில் கரப்பான் தீர்ந்துபோயிருந்தது. இதற்காக வகுப்பை நிறுத்துவானேன் என்று ஆய்வக உதவியாளர் கைக்குக் கிடைத்த வெட்டுக்கிளிகளின் வாயைப் பிரித்துக் கண்ணாடித் தகடுகளில் வைத்துவிட்டார். அதைச் சொல்லத்தான் மறந்துவிட்டார். மொத்த வகுப்பும் குனிந்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தது, நிமிர்ந்து வரைந்தது. எல்லோரும் வரைந்தது கரப்பானின் வாய். புத்தகத்தில் இருக்கிற அதே வாய், அதே கோணம், அதே நிழல். ஒருவர்கூட, இது என்ன வேறு மாதிரி இருக்கிறதே என்று கேட்கவில்லை.

எறும்பு மேடம் பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு, கால் மரத்துப்போகிறதே என்று எழுந்து நடந்தவர், சும்மா ஒரு நுண்ணோக்கியில் எட்டிப் பார்த்தார். பிறகு அடுத்ததில். பிறகு அதற்கடுத்ததில்.

"யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், கண்ணைத் திறந்து பாத்தீங்களா?" குரல் அடுத்த கட்டடத்துக்குக் கேட்டது. "கண்ணு முன்னாடி வெட்டுக்கிளி கிடக்கு, கை கரப்பானை வரையுது! அப்புறம் இந்த நுண்ணோக்கி எதுக்கு? அலங்காரத்துக்கா?"

கடைசி வரிசையில் ஒரு பெண். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பாள் என்பதால் அவளுக்குச் 'சந்தேகம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அவள் மெதுவாகச் சொன்னாள்: "வித்தியாசமாத்தான் தெரிஞ்சுது மேடம். ஆனா தெரியுறதை வரைஞ்சா நீங்க சிவப்பு மையில சுழிச்சிடுவீங்களே."

மேடம் தன் மேசைப் பக்கம் திரும்பினார். மேசையில் கிடந்த தாள்களில் அவருடைய கையெழுத்து ஈரம் காயாமல் இருந்தது. வெட்டுக்கிளியைப் பார்க்காமலே கரப்பானுக்குக் கையெழுத்துப் போட்டது யார்? அதுவரை பிள்ளைகள் மேல் பாய்ந்துகொண்டிருந்த கோபம் அப்படியே திரும்பி வந்து அவர் மேலேயே விழுந்தது.

அவருக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும் என்பது பல்கலைக்கழகத்தின் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். சின்ன உருவம், ஓயாத நடை, கடித்தால் விடாத குணம். முனைவர் பட்டத்துக்கு அவர் படித்ததும் எறும்புகளைத்தான் என்பதால் பெயர் கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. அந்த நாட்களில் வெட்டவெளியில் எறும்புச் சாரிக்குப் பக்கத்தில் மணிக்கணக்காகக் குப்புறப் படுத்துக் கிடப்பார். மயங்கி விழுந்துவிட்டாள் என்று நினைத்து யாரோ ஒருவர் தலையில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டியதும், ஒரு வாரத்துச் சாரி அடித்துக்கொண்டு போனதும், அந்த மனிதரை இவர் துரத்திக்கொண்டு ஓடியதும் துறையில் இன்னமும் பேசப்படும் கதைகள்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு எறும்பு வேறு, வகுப்பு வேறு என்று ஆகிவிட்டது. ஆராய்ச்சி விடுமுறைக்கு, பாடம் வேலை நாளுக்கு. தனக்குத் தெரியாததைத் தேடிப் போகிற பெண் ஒருத்தியும், எல்லோருக்கும் தெரிந்ததையே வருஷா வருஷம் ஒப்பிக்கிற பெண் ஒருத்தியும் ஒரே உடம்பில் குடியிருந்தார்கள். இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக் கதவு அறைந்து சாத்தப்பட்டதைக் கேட்டு மாமனார் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். பேருந்துப் பணிமனையில் நேரக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மருந்துக்கடை வைத்திருக்கும் மகன் இரவில்தான் வருவான் என்பதால் மருமகளின் கோபத்துக்கு முதல் ஆளாக நிற்கிற பொறுப்பு அவருடையது.

"யார் மேலம்மா கோபம்?"

"எல்லார் மேலயும் மாமா."

"அப்போ சரி. என் மேல தனியா எதுவும் இல்லையே."

இல்லாமல் இல்லை. சமையலறையில் ஒரு எறும்பைக் கண்டால் போதும், அவர் கரும்பலகையில் எழுதுகிற சாதாரணச் சாக்பீஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். சர்க்கரை டப்பாவைச் சுற்றி வட்டம், ஜன்னல் ஓரத்தில் கோடு, அடுப்பு மேடையின் விளிம்பில் இரட்டைக் கோடு. "இதைத் தாண்டி ஒரு எறும்பு வரட்டும், நான் பேரை மாத்திக்கிறேன்" என்பார். எறும்புகளையே படித்துப் பட்டம் வாங்கியவரின் வீட்டில் அவருடைய பேச்சு எடுபடாத ஒரே இடம் சமையலறை.

அந்த வாரமே மேடம் புதிய பாடத்திட்டம் எழுத உட்கார்ந்தார். புத்தகப் படத்தை வரைவது கிடையாது, மனப்பாடம் கிடையாது. பிள்ளைகள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, எறும்பைப் பற்றித் தங்களுக்கு நிஜமாகவே விடை தெரியாத ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்து பார்க்க வேண்டும். பார்த்ததை எழுத வேண்டும். எறும்புக்குச் செலவில்லை, கூண்டு வேண்டாம், எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

பாடத்திட்டக் குழுவுக்குத் தலைவர் அவருடைய துறைத்தலைவரேதான். எதைக் கொண்டுபோனாலும் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்பார். கெட்டவர் அல்ல, நல்லது கெட்டது எதுவும் தன் பதவிக்காலத்தில் நடந்துவிடக் கூடாது என்று நினைக்கிறவர். அவர் படிவத்தைப் புரட்டிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் விரலை வைத்தார்.

"மேடம், இங்க ஒரு பத்தி காலியா இருக்கே. 'எதிர்பார்க்கப்படும் முடிவு'. ஒவ்வொரு வாரத்துக்கும் எழுதணும்."

"எப்படி சார் எழுதுறது? முடிவு தெரியாதே."

"தெரியாதுன்னா? சோதனை பண்ணா என்ன வரும்னு ஒரு இது இருக்குமில்ல?"

"என்ன வரும்னு தெரிஞ்சா எதுக்கு சார் சோதனை? நேரா விடையை எழுதிப்போட்டுட்டு எல்லாரும் வீட்டுக்குப் போகலாமே. கரண்ட் செலவாவது மிச்சம்."

குழுவில் யாரோ சிரித்தார்கள். ஒருவர், விடை தெரியாத பாடத்துக்கு விடைத்தாள் திருத்துவது எப்படி என்று கேட்டார். இன்னொருவர், ஆசிரியருக்கே தெரியாது என்றால் மாணவர்களின் பெற்றோர் என்ன நினைப்பார்கள் என்றார். மேடத்தின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நீங்க எல்லாரும் ஆராய்ச்சி பண்ணிப் பட்டம் வாங்கினவங்கதானே? அப்போ உங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருந்துதா? தெரிஞ்சிருந்தா அந்தப் பட்டத்தைத் திருப்பிக் குடுங்க." சிரிப்பு நின்றது. கடைசியில் துறைத்தலைவரே அந்தப் பத்தி முழுவதும் 'மாணவர் உற்றுநோக்கும் திறன் பெறுவர்' என்று ஒரே வாக்கியத்தை மேலிருந்து கீழ்வரை எழுதிச் சிக்கலைத் தாண்டினார். பாடம் நிறைவேறிவிட்டது.

முதல் மாதம் ஒரே ரகளை. "விடை என்ன மேடம்?" என்று வந்து நின்றார்கள். எனக்கும் தெரியாது என்றதும் முறைத்தார்கள். தெரிந்துகொண்டே மறைக்கிறார், தேர்வில் மாட்டிவிடப் பார்க்கிறார் என்று பேச்சு கிளம்பியது. மேடம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினார். அப்புறம் மெல்ல மெல்லச் சிலர் தரையில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார்கள்.

சந்தேகத்துக்கு ஒரு கூட்டாளி. யார் என்ன சொன்னாலும் "ஆமாம்" என்பவள், அதனால் அவள் பெயரும் 'ஆமாம்'. இருவரும் சேர்ந்து எடுத்த கேள்வி, மேடம் வகுப்பில் மாமனாரைப் பற்றிப் புலம்பியதில் பிறந்தது: சாக்பீஸ் கோடு எறும்பை நிறுத்துமா? நேரே வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

"ஐயா, கோட்டைப் பாத்ததும் எறும்பு நிக்குதா?" என்று சந்தேகம் கேட்டாள்.

"நிக்காம? பணிமனை வாசல்ல பஸ் நிக்கிற மாதிரி நிக்கும்."

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

மாமனார் அதுவரை அதைப் பார்த்ததில்லை. கோட்டைப் போட்டதும் வேலை முடிந்தது என்று போய்விடுகிறவர். "நிக்கும்மா. அது பாட்டுக்கு நிக்கும்" என்றார், கொஞ்சம் சுருதி இறங்கி.

"ஆமாம்" என்றாள் ஆமாம்.

அந்தச் சமையலறையிலும் விடுதியின் சாப்பாட்டுக்கூடத்திலும் அவர்கள் பொறுமையாகப் பார்த்தார்கள். ஒரு சாரியின் குறுக்கே சாக்பீஸ் கோடு, இன்னொன்றில் தண்ணீர் தொட்ட விரலால் ஒரு கோடு, வேறொன்றில் வெறும் விரலால் ஒரு தேய்ப்பு. எல்லாவற்றிலும் எறும்புகள் தடுமாறின, கூடிக் குழம்பின, கொஞ்ச நேரத்தில் தாண்டிப் போய்விட்டன. சாக்பீஸுக்கென்று தனி மரியாதை எதுவும் இல்லை. சந்தேகத்துக்கு அழுகை வராத குறை. "ஒண்ணுமே வரல மேடம்" என்றாள். "வரலைன்னா வரலைன்னு எழுது. அதுதான் முடிவு" என்றார் மேடம். மாமனார் இரண்டு நாள் அந்தப் பெண்களோடு பேசவில்லை.

மேடத்தின் செல்லப்பிள்ளை வேறொருவன். 'நெட்டை' என்பார்கள். அவனும் இரண்டு நண்பர்களும் நூலகத்துக்குப் பின்னாலிருந்த பழைய சுவரில், வெயில் ஏற ஏற எறும்பு வேகமாக நடக்கிறதா என்று பார்த்தார்கள். பருவ முடிவில் அவன் காட்டிய வரைபடத்தில் புள்ளிகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் நின்றன. மேடம் உருகிப்போய் வகுப்பைக் கைதட்டச் சொன்னார்.

தேர்வுக்கு வந்த வெளித்தேர்வாளர் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்காரும் ரகம். நெட்டையின் வரைபடத்தைப் பார்த்து, "ஆகா, இது ஆராய்ச்சி!" என்று கிட்டத்தட்ட முழு மதிப்பெண்ணையும் அள்ளிக்கொடுத்தார். இரண்டு பெண்களும் வந்தார்கள்.

"என்னம்மா கண்டுபிடிச்சீங்க?"

"சாக்பீஸ் கோட்டுக்கும் மத்த கோட்டுக்கும் வித்தியாசம் இல்லை சார்."

"அதாவது, ஒண்ணும் கண்டுபிடிக்கல."

"ஆமாம்" என்றாள் ஆமாம், பழக்க தோஷத்தில்.

இருவருக்கும் தேர்ச்சி இல்லை. பட்டியலைப் பார்த்த மேடம் அவர் எதிரில் போய் நின்றார். "சார், தடுக்கும்னு ஊரே நம்பிட்டிருக்கு. தடுக்கலைன்னு ரெண்டு பிள்ளைங்க உக்காந்து பாத்துச் சொல்றாங்க. இதைவிட என்ன வேணும் உங்களுக்கு?"

"மேடம், விதிமுறையில 'பெற்ற முடிவு'க்குப் பாதி மதிப்பெண். முடிவு எங்க?"

"அதுதான் முடிவு!"

"உங்க பாசம் புரியுது" என்று கையெழுத்திட்டு, கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார்.

பாசமாம். மேடத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுக்க நூலகத்தின் பின்பக்கம் போனார். புதிதாகப் போட்ட தகரக் கொட்டகையின் கீழே வண்டிகள் வரிசையாக நின்றன. சாவியைத் துளையில் நுழைத்தவருக்குக் கை அப்படியே நின்றது. இந்தக் கொட்டகைக்காக இங்கே ஒரு சுவரை இடித்தார்கள். பருவத்தின் நடுவிலேயே இடித்தார்கள். அன்றிலிருந்து தினமும் இந்த இடத்தில்தான் அவர் வண்டியை நிறுத்துகிறார். இல்லாத சுவரில் எறும்பு எப்படிப் பருவக் கடைசிவரை நடந்தது?

நெட்டையும் நண்பர்களும் சிற்றுண்டிக் கடையில் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். மேடம் வந்து நின்ற நிற்பைப் பார்த்ததும் அவன் எழுந்துவிட்டான்.

"சுவர் எங்கடா?"

அவன் மழுப்பவில்லை. "பாதிவரைக்கும் நிஜம் மேடம். இடிச்சப்புறம் வேற இடம் தேடினா முதல்லேருந்து ஆரம்பிக்கணும். மீதிப் புள்ளியை நாங்களே போட்டுட்டோம்."

"என்கிட்ட வந்து சொல்ல வேண்டியதுதானே? சுவர் போயிடுச்சு, பாதியிலேயே நின்னுடுச்சுன்னு எழுதியிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

"முடிவு வரலைன்னா மார்க் வராது மேடம். நீங்க வேணா வரும்னு சொல்லலாம். அந்த ரெண்டு பேருக்கு இன்னைக்கு என்ன ஆச்சு?" அவன் நேராகப் பார்த்தான். "அந்தக் கோட்டைப் பாத்து நீங்கதானே மேடம் கைதட்டச் சொன்னீங்க. அவங்களுக்கு யாரும் தட்டலையே."

ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது. மேடம் திரும்பி விறுவிறுவென்று நடந்தார்.

மறுநாள் காலை துறைத்தலைவர் அறையில் இன்னும் நாற்காலிகூடத் துடைக்கவில்லை, மேடம் உள்ளே போய்விட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் துறைத்தலைவர் நெற்றியைத் தடவினார்.

"பார்க்கலாம். அந்த ரெண்டு பொண்ணுங்களுக்கு அடுத்த பருவத்துல மறுதேர்வு வெச்சிடலாம். இந்தப் பசங்க விஷயத்தைக் கிளறாதீங்க. நல்ல மார்க் வாங்கினவங்களை நாமளே கவுக்கிறதா? வெளியில தெரிஞ்சா உங்க பாடத்துக்குத்தான் கெட்ட பேர்."

"பாத்ததைச் சொன்னவங்க பெயில். பாக்காததைச் சொன்னவங்க முதல் மார்க். இதுக்கு மேல என்ன சார் கெட்ட பேர் இருக்கு?"

"கோபப்படாதீங்க மேடம்."

"வேற எதுக்கு சார் படுறது? கோபப்படக்கூட நாளைக்குப் பார்க்கலாமா?"

தேர்வுப் பிரிவில் எழுத்துமூலமாகப் புகார் கொடுத்தார். முழு மதிப்பெண் பட்டியலையும் ஏற்க மறுப்பதாகவும், புள்ளிகளைச் சரிபார்க்காமல் ஏமாந்ததில் தன் தவறும் உண்டு என்றும் எழுதினார். அந்தக் கடைசி வரியை எடுத்துவிடச் சொல்லி நாலு பேர் காதைக் கடித்தார்கள். எடுக்கவில்லை. பதில் வரும்வரை தினமும் வகுப்பு முடிந்ததும் தேர்வுப் பிரிவின் வாசலில் இருந்த மரப்பலகையில் போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளே இருந்தவர்கள் அவரைத் தாண்டித்தான் தேநீருக்குப் போக வேண்டியிருந்தது. அவர் ஒன்றும் பேசமாட்டார், பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கு அவர் கத்தினாலே தேவலாம் என்றார்கள்.

ஒருவழியாக வேறொரு தேர்வாளர் வந்தார். பெண்கள் இருவரும் தேர்ச்சி பெற்றார்கள்; தாராளமாக ஒன்றும் இல்லை, கரை சேருகிற அளவுக்கு. நெட்டையின் குழுவுக்குப் பூஜ்யம். விடுமுறையில் மறுபடி செய்து காட்டினால் தேர்ச்சி. அவனுக்குக் கிடைத்திருந்த பயிற்சி வாய்ப்பு ஒன்று அதனால் கைநழுவிப் போயிற்று. வராந்தாவில் எல்லோர் முன்னிலையிலும், "அவங்களைக் காப்பாத்த எங்களைப் பலி குடுத்துட்டீங்க" என்றான். மேடம் நின்றார். "யாரையும் காப்பாத்தல. நாளைக்குக் காலையில வெயில் ஏறுறதுக்குள்ள வெப்பமானியோட வா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவன் வருவான் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை. வந்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. நண்பர்களில் ஒருவன் வந்தான், மற்றவன் வேறு பாடத்துக்கு மாறிப்போனான். விளையாட்டுத் திடலின் சுற்றுச்சுவரில் ஒரு சாரியைப் பிடித்தார்கள். மேடமும் குடையை விரித்துக்கொண்டு கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்திருந்தார். மூவரும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. விடுமுறை முடிகிற தறுவாயில் அவன் கொண்டுவந்து நீட்டிய தாளில் புள்ளிகள் கன்னாபின்னாவென்று சிதறிக் கிடந்தன. உச்சி வெயிலில் பாதி இடத்தில் புள்ளியே இல்லை.

"அந்த நேரத்துல எறும்பே வெளிய வரல மேடம். சில நாள் வந்துச்சு, சில நாள் வரல. ஏன்?"

"தெரியல."

"நிஜமாவே தெரியலையா?" அவன் குரலில் எரிச்சல்தான் இருந்தது, மன்னிப்பு எதுவும் இல்லை. "அப்போ இதை எப்படி மேடம் முடிக்கிறது?"

"முடிக்காத. வரலைன்னு எழுது. ஏன்னு கேட்டு ஒரு வரி எழுது. அவ்வளவுதான்."

அவன் எழுதிக் கொடுத்தான், தேறினான். போகும்போது நன்றி சொல்லவில்லை. மேடமும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்தச் சிதறிய புள்ளிகளை அவர் வீட்டுக்கு எடுத்துப்போய் இரவுச் சாப்பாட்டின்போது கணவருக்கும் மாமனாருக்கும் காட்டினார். கணவர் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "கோணலா இருக்கே" என்றார். "அதான் அழகு" என்றார் மேடம். மாமனார், கோடு கோடென்று தன் எதிரில் இனி யாரும் பேச வேண்டாம் என்றார்.

புதிய கல்வியாண்டின் பாடப் பட்டியலில் அந்தப் பாடம் இல்லை. மதிப்பீட்டுச் சிக்கல்களால் நிறுத்தி வைக்கப்படுகிறது என்று ஒரு வரி மட்டும் இருந்தது. மேடத்துக்குப் பழையபடி இரண்டாம் ஆண்டு வாயுறுப்புகள். பொய் எழுத வைத்த 'எதிர்பார்க்கப்படும் முடிவு' பத்தி படிவத்தில் பத்திரமாக இருந்தது. பொய்யைப் பிடித்த பாடம் போய்விட்டது. துறைத்தலைவரிடம் கேட்டால் கிணற்றில் போட்ட கல்.

பாடத்திட்டக் குழு மறுபடி கூடிய நாளில் மேடம் கதவைத் தட்டாமல் உள்ளே போனார். நீள மேசையைச் சுற்றி எல்லா நாற்காலியும் நிரம்பியிருந்தது. சுவரோரம் கிடந்த ஒன்றை அவர் கால்கள் கிறீச்சிட இழுத்துக்கொண்டு வந்தார்.

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "மேடம், இந்த வருஷக் குழுவுல உங்க பேர் இல்லையே."

"தெரியும் சார்" என்றார் எறும்பு மேடம். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க."